கேட்டுக்கு வெளியே ஒரு மைக்

ஜூலை 3, வியாழன்

இந்த டைரி, மதுரையில் ஆம்ப்ளிஃபயர் மொத்த வியாபாரம் செய்யும் முதலாளி எனக்கென்று தனியாக எடுத்துவைத்துக் கொடுத்தது. கடைக்கு வந்த எல்லோருக்கும் ஒன்று கொடுத்தார் என்று யுவஸ்ரீ சொல்கிறாள். அவள் சின்னப் பிள்ளை, விவரம் பற்றாது. ஜனவரியில் கிடைத்த டைரி. இதுவரை எழுத நேரமில்லை. காதுகுத்து, கட்சிக் கூட்டம், கோயில் கொடை என்று தமிழ்நாடே என்னை இழுத்துக்கொண்டிருந்தது.

பிற்காலத்தில் இதைப் படிப்பவர்களுக்காக என்னைப் பற்றிச் சுருக்கமாக: பெயர் மொக்கராசு. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் 'மொக்கராசு ஒலி ஒளி' என்று விசாரித்தால் பச்சைப் பிள்ளையும் வழி காட்டும். படிப்பு எட்டாம் வகுப்பு. அதற்கு மேல் எனக்குச் சொல்லிக்கொடுக்க அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆளில்லை என்பதால் நானே நின்றுகொண்டேன்.

இன்று அதே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். யுவஸ்ரீ என் தங்கச்சி பேச்சியின் மகள், ஒன்பதாவது படிக்கிறாள். தொடர்ந்து லேட்டாக வருவதால் வீட்டிலிருந்து பெரியவர் யாராவது வரவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மச்சான் லாரி ஓட்டிக்கொண்டு வடக்கே எங்கேயோ இருக்கிறார். தங்கச்சிக்கு மில்லில் நைட் ஷிப்ட், பகலில் தூக்கம். "அம்மாவுக்குத் தெரிய வேணாம் மாமா, நீங்க வாங்க" என்றாள் பிள்ளை. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனேன்.

கேட்டில் பி.டி. வாத்தியார் சௌந்தரபாண்டி. என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன்தான். என்னைப் பார்த்து எழுதித்தான் அவன் பாஸானான் என்பது ஊரறிந்தது.

"நீ எதுக்குடா வந்த, மொக்கை?"

"தாய்மாமன்டா. தகப்பனுக்கு மேல."

"சரி, மேல இருக்கிறவரே, பிள்ள ஏன் தெனமும் லேட்டு?"

காரணம் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது சின்னக் காரணம், வீட்டுக் காரணம். அதைப் போய் நாலு பேர் நடுவில் சொன்னால் குடும்பத்துக்கு என்ன மரியாதை? அதனால் கொஞ்சம் பெரிய காரணமாகச் சொன்னேன்.

"ஓடைப் பாலத்துல சிறுத்தை படுத்துக் கெடக்குடா. பஸ்சு நகர முடியல. நாந்தான் குழாய் ஸ்பீக்கர கட்டி, நாலு தவில் கேசட்டப் போட்டு வெரட்டுனேன்."

சுற்றி நின்ற பிள்ளைகள் கைதட்டாத குறை. சௌந்தரபாண்டி கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். மலைத்துப்போனான் போலிருக்கிறது.

ஜூலை 4, வெள்ளி

சிறுத்தை ஊரெங்கும் பரவிவிட்டது. டீக்கடை பவுன்ராஜ் அது புலி என்கிறான். நான் மறுக்கவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

காலையில் பிளாஸ்டிக் பூச்சரம் விளக்குகளைத் தரையில் பரப்பி எரியாத பல்பைத் தேடிக்கொண்டிருந்தேன். வாசலில் புத்தகப் பையோடு யுவஸ்ரீ.

"என்னாத்தா, பள்ளிக்கூடம் லீவா?"

"கேட்டப் பூட்டிட்டாங்க மாமா."

"இன்ட்ரவல்ல தொறப்பாய்ங்கல்ல? அது வரைக்கும் நிக்க வேண்டியதுதான?"

"நின்னா மாடியில இருந்து கூப்புடுறாய்ங்க."

"என்னன்னு?"

"சிறுத்தை."

கேட்டதும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எவ்வளவு கம்பீரமான பெயர். ஆனால் பிள்ளை முகம் அப்படி இல்லை. "நெசக் காரணத்த வகுப்பு டீச்சர்ட்ட சொல்லலாம்னு போனேன் மாமா. நான் வாயத் தொறக்கும் முன்னாடியே, 'இன்னைக்கு யானையா?'ன்னு கேட்டாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. வந்துட்டேன்."

நிஜக் காரணத்தை இங்கே எழுதிவைக்கிறேன், டைரிதானே. பேச்சியை மில் வேன் காலையில் ஒன்பது மணிக்குப் பக்கத்தில்தான் ஓடைக்கரைப்பட்டியில் இறக்கிவிடும். யுவஸ்ரீயின் தம்பி கவினுக்கு மூன்று வயது. பால்வாடி திறப்பது அதற்கும் பிறகு. அம்மா வந்து பயலை வாங்கிக்கொண்டால்தான் இவள் கிளம்ப முடியும். அதற்குள் பள்ளிக்கூட நேரத்துப் பஸ் போய்விடும். அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கும்போது கேட்டில் பூட்டுத் தொங்கும். இவ்வளவுதான். இதில் ஒரு சுவாரசியமும் கிடையாது, பாருங்கள்.

அந்தக் கேட்டுக்கு இப்போது நீலப் பெயிண்ட். எங்கள் காலத்தில் பச்சை. வெளிப்பக்கம் பச்சை. உள்பக்கம் என்ன நிறம் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

ஜூலை 10, வியாழன்

யுவஸ்ரீ இன்றும் கடைக்கு வந்தாள். வந்தவள் சும்மா இருக்கவில்லை. பழைய ஆம்ப்ளிஃபயரில் கொர்ரென்று ஒரு இரைச்சல் இருந்தது. நான் அதை ஜப்பான் கம்பெனியின் தனிச் சத்தம் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிவந்தேன். பிள்ளை வயரை மாற்றிச் சொருகினாள், இரைச்சல் போய்விட்டது. என் ரத்தம் அல்லவா!

பவுன்ராஜ் கடையிலிருந்து இரண்டு டீ வரவழைத்தேன்.

"மாமா, நான் இங்கயே இருந்துக்கிறேன். இனி அங்க போகல."

"இருடா ராசாத்தி. 'மொக்கராசு அண்ட் யுவஸ்ரீ'ன்னு போர்டே மாத்திருவோம்."

சிரித்தாள். நானும் சிரித்தேன். ராத்திரி சோறு இறங்கவில்லை. குழம்பில் உப்பு அதிகம்.

ஜூலை 15, செவ்வாய்

காலையில் பேச்சி வீட்டுக்குப் போய்ச் சிலிண்டர் மாட்டிக் கொடுத்தேன். அவள் தலையெல்லாம் மில் பஞ்சு. பார்க்க நாற்பது வயதில் நரைத்தவள் மாதிரி இருந்தாள். அவளுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை.

"யுவா ஒழுங்காப் போறாளாண்ணே? பஸ்சு கெடைக்குதா?"

"போறாளாவா? முதல் பெஞ்சுல உக்கார வச்சிருக்காங்க. வாத்தியாருகளே அவகிட்ட சந்தேகம் கேக்குறாங்க."

"நீ சொல்றதுல பாதியக் கழிச்சாலும் எனக்கு அது போதும்ணே." கவினுக்குச் சட்டை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "அவ ஒருத்தியாச்சும் படிச்சு, ஒரு ஆபீஸ்ல ஃபேனுக்கு அடியில உக்காந்துட்டான்னா, நான் தின்ன பஞ்செல்லாம் செரிச்சுப் போகும்."

சிலிண்டர் வாஷரைச் சோதிக்கிற சாக்கில் அடுப்படியிலேயே ரொம்ப நேரம் இருந்துவிட்டேன். பாதியைக் கழித்தால் ஒன்றுமே மிஞ்சாது என்று அவளுக்கு எப்படிச் சொல்வது?

ஜூலை 18, வெள்ளி

இன்று ஒரு சரித்திரச் சம்பவம். பள்ளிக்கூடத்தின் புதுத் தலைமையாசிரியை எஸ்தர் டீச்சர் என் கடைக்கே நேரில் வந்தார். ஊரில் வேறு மைக் செட்டுக்காரன் ஆடி மாதத்தில் சும்மா இல்லை என்பதால் வந்தார் என்று பவுன்ராஜ் சொல்வான். அவனுக்குப் பொறாமை.

அவர் ரோட்டைக் கடக்கும்போதே யுவஸ்ரீ பார்த்துவிட்டாள். சடாரென்று பெரிய பாஸ் ஸ்பீக்கர் பாக்ஸுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். பாக்ஸ் ஆள் உயரம், ஒரு யானையையே ஒளித்துவைக்கலாம்.

"வர்ற திங்கட்கெழம இல்ல, அதுக்கு அடுத்த திங்கட்கெழம காலையில மைக் வேணும் மொக்கராசு" என்றார் டீச்சர். "ஸ்கூல்ல என்னென்ன விதி இருக்கணும், தப்பு செஞ்சா என்ன செய்யணும்னு பிள்ளைகளையே கேக்கப் போறேன்."

நான் அதிர்ந்துபோனேன். "பிள்ளைககிட்டயா? டீச்சரம்மா, அடி வாங்காத பிள்ள எங்கயாவது உருப்பட்டிருக்கா? நாங்கல்லாம் முட்டி போட்டுப் படிச்சவய்ங்க."

"படிச்சு முடிச்சீங்களா?"

அதற்குள் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனதால் பதில் சொல்ல வாய்ப்பில்லாமல் போயிற்று.

டீச்சர் மேஜையில் இருந்த இரண்டு டீ கிளாஸைப் பார்த்தார். மூலையில் கிடந்த புத்தகப் பையைப் பார்த்தார். பிறகு பாஸ் பாக்ஸைப் பார்த்துக்கொண்டே பேசினார். அதன் அழகில் மயங்கிவிட்டார் போல.

"ஒன்பதாவதுல ஒரு பொண்ணு. கணக்குல கெட்டி. ரெண்டு வாரமா காணோம். அவ மாதிரி பிள்ளைக பேசாம நான் என்ன விதி போட்டாலும் அது வெறும் காகிதம்தான். யாரு வேணாலும் பேசலாம். சிரிக்கிறவங்கள நான் பாத்துக்கிறேன்." கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். என் காது மந்தம் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

வாடகை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கல்விக்கு நான் எப்போதும் அள்ளிக் கொடுப்பவன்.

ஜூலை 19, சனி

அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் விழாவுக்குச் செட் கட்டினோம். யுவஸ்ரீ ஏணியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"மாமா, டீச்சர் நெசமாவே கேப்பாங்களா? இல்ல சும்மா கேக்குற மாதிரியா?"

"அவங்க என் கடைக்கே வந்திருக்காங்கன்னா பாத்துக்க."

"நான் போய்ப் பேசவா?"

"பேசு. நான் முன்னால ஒரு அறிமுகம் குடுக்கிறேன். 'சிறுத்தையையே எதிர்த்து நின்ற வீராங்கனை'ன்னு..."

"மாமா." ஏணியை விட்டுவிடுவாளோ என்று பயந்தேன். "நீங்க ஒரே ஒரு உதவி செய்யணும். அன்னைக்கு வாயத் தொறக்கக் கூடாது. ஒத்த வார்த்தை பேசக் கூடாது."

ஏணி உச்சியில் நின்ற மனிதன் வேறு என்ன செய்வான்? அம்மன் மேல் சத்தியம் செய்தேன்.

ஜூலை 25, வெள்ளி

பூச்சரத்தில் எரியாத பல்பு அகப்பட்டது. கடைசிப் பல்பு.

ஜூலை 28, திங்கள்

இன்று நடந்ததை ஊரில் ஆளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்கள். மைக் செட்டுக்குப் பக்கத்தில் நின்றவன் நான் ஒருவன்தான். ஆகவே நான் எழுதுவதுதான் சரித்திரம்.

காலையிலேயே போய் வேப்பமரக் கொம்பில் ஒரு குழாய், சைக்கிள் ஷெட் கூரையில் ஒரு குழாய் கட்டினேன். டீச்சருக்கு மேஜை மேல் ஒயர் மைக். பிள்ளைகள் கைமாற்றிப் பேசக் கார்ட்லெஸ் மைக். பிரார்த்தனை முடிந்தது. சௌந்தரபாண்டி போய்க் கேட்டைப் பூட்டிவிட்டு வந்தான். இத்தனை வருடப் பழக்கம், கை தானாகப் பூட்டிவிட்டது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. டீச்சரும் கவனிக்கவில்லை. அவர் தலையில் ஆயிரம் வேலை.

பிள்ளைகள் பேச ஆரம்பித்தார்கள். முதலில் கூச்சம், பிறகு பிடுங்கிக்கொண்டு. ஆறாவது படிக்கிற ஒரு பொடிசு சொன்னது: "பேசுனவங்க பேர போர்டுல எழுதச் சொன்னா, லீடர் தனக்குப் புடிக்காதவங்க பேரா எழுதுறான். நான் அன்னைக்கு லீவு. என் பேரும் இருந்துச்சு!" மைதானமே சிரித்தது. பத்தாவது பையன் ஒருவன் எழுந்து, "ஒருத்தன் செஞ்ச தப்புக்கு மொத்த வகுப்பையும் வெயில்ல நிக்க வைக்காதீங்க. செஞ்சவன் நடுவுல நிம்மதியா நிப்பான் டீச்சர்" என்றான். டீச்சர் தலையாட்டி எழுதிக்கொண்டார். பிள்ளைகள் பேசுவதை இப்படி உட்கார்ந்து எழுதிக்கொண்ட வாத்தியாரை நான் பார்த்ததில்லை.

"அடுத்தது லேட்டா வர்றது" என்றார் டீச்சர்.

சௌந்தரபாண்டி மைக்கை வாங்கினான். அவனும் கெட்டவனில்லை. "கேட் தொறந்து கெடந்த வருசம் பாதிப் பேரு ஒம்பதரைக்குத்தான் வந்தீங்க. முதல் பீரியடே கெடையாது. பூட்டுனதுக்கப்புறம்தான் ஸ்கூலு ஸ்கூலா இருக்கு. சரியா தப்பா, நீங்களே சொல்லுங்க."

"பூட்டுறது சரின்னு நெனைக்கிறவங்க?"

மைதானம் முழுக்கக் கை. ஒரு கை பாக்கியில்லை.

"வேணாங்கிறவங்க?"

ஒருவரும் இல்லை.

"பாத்தீங்களா டீச்சர்? பிள்ளைகளே சொல்லிட்டாய்ங்க" என்றான் சௌந்தரபாண்டி. டீச்சர் பேனாவைக் காகிதத்தில் வைத்தார்.

அப்போதுதான் நான் திரும்பிப் பார்த்தேன். நீலக் கம்பிகளுக்கு வெளியே முகங்கள். இரண்டாவது பஸ் வந்திருந்தது. ஓடைக்கரைப்பட்டிப் பிள்ளைகள், அதற்கு அப்பால் உள்ள காலனிப் பிள்ளைகள், ஒரு கூட்டமே நின்றது. முன்னால் யுவஸ்ரீ, கம்பியைப் பிடித்துக்கொண்டு. அவளும் கையைத் தூக்கியிருந்தாள். 'வேணாங்கிறவங்க' என்று கேட்டதற்கு. மைதானம் முழுக்க முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததாலும், டீச்சருக்கு வேப்பமரம் மறைத்ததாலும் அந்தக் கையை யாரும் பார்க்கவில்லை.

லேட்டாக வருகிறவர்களை என்ன செய்யலாம் என்று கேட்கிற கூட்டம். லேட்டாக வந்தவர்கள் மட்டும் வெளியே.

நான் கார்ட்லெஸ் மைக்கை எடுத்துக்கொண்டு நடந்தேன். "ஏய் மொக்கை, எங்கடா போற?" என்று சௌந்தரபாண்டி கத்துவது கேட்டது. மைக் கையில் இருந்தால் என் வாய் தானாகவே 'ஹலோ ஹலோ' என்று தொடங்கிவிடும். இருபது வருடத் தொழில். தொடங்கியும் விட்டது. ஒரு 'ஹலோ' வெளியே வந்து இரண்டு குழாயிலும் அதிர்ந்தது. ஊரே என் பக்கம் திரும்பிற்று. என்ன அருமையான சந்தர்ப்பம்! தொண்டையில் ஒரு சொற்பொழிவு தயாராக நின்றது.

யுவஸ்ரீ என்னைப் பார்த்தாள்.

கம்பி இடுக்கு வழியாக மைக்கை நீட்டினேன். அவள் வாங்கிக்கொண்டாள்.

அம்மன் சத்தியம் என்பதால்தான். வேறொன்றுமில்லை.

அவள் பேசத் தொடங்கியதும் சத்தம் விட்டு விட்டு வந்தது. ஊர் எல்லை வரைக்கும் இழுக்கும் என்று நான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிற மைக், கேட் வரைக்குமே திணறியது. வேப்பமரம் குறுக்கே நின்றதுதான் காரணம். ஓடினேன். மைக் சத்தத்தை வாங்குகிற ரிசீவர் பெட்டியைத் தூக்கினேன். வயர் எட்டுகிற மட்டும் கேட் பக்கம் இழுத்துக்கொண்டு வந்து, தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தேன். சத்தம் தெளிவாயிற்று. கொஞ்சம் இறக்கினால் கரகரத்தது. ஆகவே இறக்கவில்லை. வெயிலில், பிள்ளைகளுக்கு நடுவில், டவர் மாதிரி நின்றேன்.

"ஒன்பதாவது யுவஸ்ரீ பேசுறேன். ஓடப் பாலத்துல சிறுத்தை எதுவும் இல்ல." கொஞ்சம் சிரிப்பு எழுந்தது. டீச்சர் கையை உயர்த்தினார், அடங்கிற்று. "எங்கம்மாவுக்கு மில்லுல நைட் ஷிப்ட். தம்பிக்கு மூணு வயசு. அம்மா வந்து அவன வாங்குனாத்தான் நான் கெளம்ப முடியும். அதுக்குள்ள பஸ்சு போயிரும். பூட்டாம இருந்தா எனக்கு முதல் பீரியடுல பாதியாச்சும் கெடைக்கும். பூட்டுனா முழு நாளும் போயிருது. ஏன்னா நிக்க வெக்கமாருக்கு, போயிருவேன். லேட்டா வர்றவங்கள என்ன செய்யணும்னு கேட்டீங்க. உள்ள விடுங்க. பொறவு என்ன வேணா கேளுங்க."

பக்கத்துப் பையன் மைக்கை வாங்கினான். "எங்கூருக்கு முதல் பஸ்சு வாரத்துல பாதி நாள் வராது சார்." இன்னொரு பெண்: "எங்க தெருவுல தண்ணி எட்டு மணிக்குத்தான் தொறப்பாங்க." அடுத்தவன் கொஞ்சம் தயங்கி, "நான் தூங்கிட்டேன்" என்றான். அதற்குத்தான் கைதட்டல் அதிகம்.

சௌந்தரபாண்டி சாவிக்கொத்தோடு நடந்து வந்தான். கேட்டுக்குப் பக்கத்தில் நின்று யுவஸ்ரீயைப் பார்த்தான்.

"ஏம்மா, இத முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"சிறுத்தைக்கப்புறம் சொன்னா நம்பியிருப்பீங்களா சார்?"

அவன் என் பக்கம் திரும்பினான். நான் தலைக்கு மேல் பெட்டியோடு நிற்கிறேன், வியர்வை கண்ணில் இறங்குகிறது. அவன் கோபமாகத் திட்டுவான் என்று நினைத்தேன். கிட்டே வந்து மெதுவாக, "எட்டாவது படிக்கிறப்ப நீயும் இங்கதானடா நின்ன, மொக்கை. நான் உள்ள இருந்து பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றான்.

அவன் சொன்னது எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை. குழாய் இரைச்சல்.

பூட்டைத் திறந்தான்.

ஜூலை 29, செவ்வாய்

கை இரண்டும் தூக்க முடியவில்லை. தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது பேச்சி வந்தாள், கவினை இடுப்பில் வைத்துக்கொண்டு, மில்லிலிருந்து வந்த உடுப்போடு. சைக்கிள் ஷெட் குழாய் ரோட்டைப் பார்த்து இருந்திருக்கிறது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கிறது. மில் வேனில் அவளிடம் சொல்லிவிட்டார்கள்.

"முதல் பெஞ்சு, ம்? வாத்தியாரே சந்தேகம் கேக்குறாரு, ம்?"

"பேச்சி, அது வந்து..."

"அவ உன் கடையில உக்காந்து வயரு முறுக்கிட்டு இருந்திருக்கா. நான் தூங்கி எந்திரிச்சு, என் மக படிக்கிறான்னு நெனச்சுக்கிட்டு அடுத்த ஷிப்டுக்குப் போயிருக்கேன். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாண்ணே?"

"சொல்லியிருந்தா மில்லுக்குப் போகாம இருந்திருப்பியா?"

கவின் என் மைக்கை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தான்.

"இருந்திருக்க மாட்டேன். ஆனா தெரிஞ்சிருக்கும்ல? நம்ம குடும்பத்துல மைக் செட்டுக்கு ஒரு ஆளு போதும்ணே. அவள அங்க விடு."

"போயிட்டாளே இன்னைக்கு. பாதிப் பீரியடுக்குப் போயி உக்காந்துட்டா. சௌந்தரபாண்டியே கேட்டத் தொறந்து விட்டான்."

"நெசமாவா? இல்ல இதுலயும் பாதியக் கழிக்கணுமா?"

"முழுசா வச்சுக்க."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்து, முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு, பஞ்செல்லாம் உதிர உதிர ஒரு மூச்சு விட்டாள். நானும் ஒன்று விட்டேன். பவுன்ராஜிடம் இரண்டு டீ சொன்னேன்.

ஆகஸ்ட் 6, புதன்

வகுப்புக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டு வாத்தியார்கள், டீச்சர் எல்லோரும் சேர்ந்து விதிகளை எழுதுகிறார்கள். லேட்டாக வருகிறவர்கள் சார்பில் யுவஸ்ரீ. ஆலோசனைக்கு என்னையும் கூப்பிடுவார்கள் என்று வெள்ளை வேட்டியைத் துவைத்துப் போட்டிருக்கிறேன். இன்னும் ஆள் வரவில்லை.

கடையில் ஒரு டீ போதுமானதாக இருக்கிறது. இரண்டாவது கிளாஸைப் பவுன்ராஜ் பழக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிடுகிறான். நானே குடித்துவிடுகிறேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

அழைப்பு வந்துவிட்டது! கொடியேற்று விழாவுக்கு மைக் கட்ட.

ஆகஸ்ட் 15, வெள்ளி

ராத்திரி பூக்குழித் திருவிழாவுக்குச் செட் போட்டு, விடியும்போதுதான் படுத்தேன். கண்ணைத் திறந்தால் வெயில் சுவரில் பாதி இறங்கிவிட்டது. குழாயையும் ஆம்ப்ளிஃபயரையும் வண்டியில் கட்டிக்கொண்டு பறந்தேன். கேட் திறந்தே கிடந்தது. பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு, அன்றைக்கு மைதானத்தைச் சிரிக்க வைத்த அந்த ஆறாவது வகுப்புப் பொடிசு உட்கார்ந்திருந்தாள். சட்டையில் தேசியக் கொடி, கையில் பேனா.

"பேரு?"

"என்னையே தெரியாதா? மொக்கராசு ஒலி ஒளி!"

"ஏன் லேட்டு?"

"அது பெரிய கதை பாப்பா. நான் வர்ற வழியில..."

"கதையெல்லாம் கூடாது. எங்க விதியில இருக்கு. லேட்டா வந்தா, வந்தவங்களே காரணத்த சொல்லணும், உள்ளதச் சொல்லணும். மாமா, சித்தப்பால்லாம் வந்து கத சொல்லக் கூடாது."

"மாமான்னே போட்டிருக்கா?"

"மாமான்னுதான் முதல்ல போட்டிருக்கு. யுவஸ்ரீ அக்கா சொல்லி எழுதுனது."

உலகத்தில் எத்தனை பேருக்குத் தன்னை வைத்துச் சட்டம் போட்டிருக்கிறார்கள்? நெஞ்சு விம்மிற்று. உள்ளே கொடிக்கம்பத்தடியில் யுவஸ்ரீ கையில் காகிதத்தோடு மைக்குக்காக நிற்பது தெரிந்தது. அவள் பக்கத்தில் சௌந்தரபாண்டி வாட்சைப் பார்க்கிறான். கேட்டுக்கு வெளியே, சுவரோரமாகப் பேச்சி, கவினைத் தோளில் ஏற்றிக்கொண்டு. அவளை உள்ளே வரச் சொல்லி யாரோ கை காட்டுகிறார்கள்.

ஒரு யானைக் கூட்டம் எனக்குத் தயாராகவே இருந்தது. மூன்று யானைகள், ஒரு குட்டி. பொடிசு பேனாவை வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தாள்.

"தூங்கிட்டேன்" என்றேன்.

எழுதிக்கொண்டாள். நிமிர்ந்து கூடப் பார்க்கவில்லை.

"சரி. உள்ள போங்க."

அவ்வளவுதான். உள்ளே விட்டுவிட்டார்கள்.

கேட்டின் உள்பக்கமும் நீலப் பெயிண்ட்தான். போகிற போக்கில் பார்த்துக்கொண்டேன்.